இரண்டு நூல் கனம்

கண்டாச்சிபுரத்தில் திருக்கோவிலூர் சாலையை ஒட்டிய அந்தக் கடைசல் பட்டறைக்கு நான் கொண்டுபோனது அத்தையின் குரோஷா ஊசியை. எஃகு ஊசி. நாற்பது வருஷமாக அத்தை அதில்தான் பின்னுகிறார். இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கி, அந்த மெல்லிய கம்பியைப் பத்து நிமிஷம் பிடித்தாலே கை மரத்துப்போகிறது. தடித்த பிடியோடு, கம்பளி நூலுக்குத் தோதாக, மரத்தில் ஒன்று கடைந்து வாங்க வேண்டும்.

பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படி ஓரத்தில் நிற்கும் உருட்டுக் கால்கள், இவைதான் அன்றாட வேலை. ஊசியை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு கனம் வேணும் தம்பி?"

ஆறு மில்லிமீட்டர் என்றேன்.

"ரெண்டு நூல்னு சொல்லுங்க."

தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு நூல் என்பது கால் அங்குலம்; ஆறு மில்லிமீட்டருக்கு மயிரிழை கூடுதல், அவ்வளவுதான். நூலைப் பிடித்து இழுக்கும் கருவிக்கு நூலாலேயே அளவு சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் தேக்குத் துண்டு ஒன்றை மாட்டினார். கட்டில் கால் போலவே சுழன்றது, உளி பட்டதும் சுருள் சுருளாகக் கழன்றது. பென்சில் கனத்துக்கு வந்தபோது நடுவில் அதிர ஆரம்பித்தது. இன்னும் மெலிந்ததும் 'டக்' என்று முறிந்து ஒரு பாதி தரையில் விழுந்தது. அவருக்கு அது எதிர்பார்த்ததுதான். "தேக்குக்குப் பேருதான் பெருசு. மெல்லிசா வாங்கினா பொரிஞ்சுடும்" என்றபடி பரணிலிருந்து ஒரு கொய்யாக் கிளையை எடுத்தார். கொல்லையில் விழுந்ததாம், இரண்டு மழைக்காலம் பார்த்துக் காய்ந்தது.

அதை அவர் ரம்பத்தால் அறுக்கவில்லை. கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தார். அறுத்தால் ரம்பம் போன வழியில் நார் வெட்டுப்படும். பிளந்தால் மரம் தன் நார் போகும் வழியிலேயே விலகும். அப்படி முனைக்கு முனை நார் அறுபடாமல் ஓடும் குச்சிதான் இரண்டு நூல் கனத்தில் தாங்கும்.

பிறகு நடந்ததை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று பார்த்தேன். மறுமுனையை அழுத்தும் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். இறுக்கினால் மெல்லிய குச்சி வில்லாக வளையும். வலது கையில் சாய்வு உளி. இடது கை விரல்கள் சுழலும் குச்சிக்குப் பின்பக்கம் மெல்ல அணைந்து நின்றன. உளி முன்னாலிருந்து தள்ள, விரல் பின்னாலிருந்து ஏந்த, அதிர்வு அடங்கியது. சூடு ஏறும்போது விரலே முதலில் சொல்லிவிடும் என்றார். கடைசியில் உப்புத்தாள், அதற்கும் பிறகு, கீழே விழுந்த கொய்யாச் சுருளையே ஒரு பிடி அள்ளிக் குச்சியின் மேல் அழுத்தினார். அந்த மரத்தின் சீவலே அதற்கு மெருகு போட்டது.

கடைதல் என்ற சொல்லுக்கு இங்கேதான் எனக்கு உருவம் கிடைத்தது. மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மோட்டார் வருவதற்கு முன் இரண்டும் ஒரே வேலைதான்: கயிற்றைச் சுற்றி, இழுத்து, விட்டு, இழுப்பது. சிறுவனாக அவர் தன் அப்பாவுக்குக் கயிறு இழுத்திருக்கிறார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும். திரும்பும்போது உளியைப் பின்னுக்கு வாங்கிவிட வேண்டும். "பாதி நேரம் சும்மாதான் இருக்கணும். அந்தச் சும்மா இருக்கறதுதான் கைப்பழக்கம்."

சின்னப் பொருளைக் கடைவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர்கள் உண்டு. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும், 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் அரக்கு பூசிய பொம்மை. இந்த இரண்டு ஊரிலும் கடைசலுக்கு வரும் மரம் நம் வெட்பாலைதான். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தானாக வளர்கிறது; இங்கே அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தோல் நோய்க்குத் தைலம் எடுப்பதோடு சரி.

அத்தையின் கலைக்கும் தெற்கே ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1821-இல் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தம்மை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மார்த்தாவின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைப் பரப்பினார். அது கொக்கியில் பின்னுவதல்ல. நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. கற்றுக்கொடுத்தவர் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கட்டைகளைக் கடைந்து கொடுத்த கைகளையும் நான் அந்தக் கதையில் சேர்த்தே நினைக்க விரும்புகிறேன்.

கொக்கி மட்டும் எந்திரத்தில் வராது. பட்டறைக்காரர் குச்சியைக் கழற்றி, மடியில் வைத்து, முனையில் பென்சிலால் கோடு போட்டு, சிறு அரத்தால் கழுத்தைக் குடைந்தார். கொக்கிக்கு உயிரே அந்தக் கழுத்துதான். ஆழம் குறைந்தால் நூல் வழுக்கும், கூடினால் முறியும். மூக்கு கூராக நின்றால் கம்பளியின் இழையைப் பிரித்துவிடும். கடைசியாகத் தேன்மெழுகு தேய்த்துக் கையில் கொடுத்தார்.

விலை கேட்டேன். தயங்கினார். கட்டில் காலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கால் ஒன்றுக்கு இவ்வளவு என்று. பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு கால் முடிகிறது. இதற்கோ ஒன்றேகால் மணி. "குச்சிக்கு யாரு தம்பி காசு கொடுப்பாங்க?" என்றார். பருமனைப் பார்த்தே கூலி போடும் வழக்கம் இருக்கிறவரை, இந்த விரல் அணைப்பைக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்? ஆறு கட்டில் காலுக்கு உண்டான கூலியைக் கொடுத்தேன். அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தை ஊசியைத் தன் பழைய பட்டுப்புடவை மேல் இழுத்துப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை. இருபது சங்கிலி போட்டுவிட்டு நிமிர்ந்தார். "பிடி நல்லா இருக்கு. கழுத்துதான் பத்தல. இன்னும் ஒரு நூல் உள்ள வாங்கச் சொல்லு."

மறுநாள் அதை அப்படியே போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு நூலா? அவ்வளவு வாங்கினா பாதிக் கழுத்து போயிடும். அவங்க சொல்றது அவங்க நூலு. வீட்டுக்குப் போயி அந்தக் கம்பளியில ஒரு முழம் வாங்கியாங்க, அதை வெச்சுத்தான் குடையணும்."