தாத்தாக்களின் கொடிகள்

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பரோசா பள்ளத்தாக்கு வந்துவிடும். வார இறுதியில் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் டனுண்டா, ஆங்காஸ்டன் ஊர்களைச் சுற்றியுள்ள பெரிய ஒயின் ஆலைகளைப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அக்கா என்னை அங்கே நிறுத்தவில்லை. மேட்டில் ஏறி ஈடன் பள்ளத்தாக்குப் பக்கம் காரைத் திருப்பினாள். "தொட்டியும் பீப்பாயும் எங்க வேணா பாத்துக்கலாம் தம்பி. நீ பாக்க வேண்டியது கொடிய" என்றாள்.

நாங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து வளர்ந்தவர்கள். எங்கள் ஊர்க் கொடிக்குத் தூக்கம் கிடையாது. குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கவாத்து செய்த சில நாளில் துளிர்த்துவிடும்; வருடத்துக்கு இரண்டு வெள்ளாமை எடுத்துவிட்டு மூன்றாவதுக்குக் கணக்குப் போடுவோம். அந்த ஓட்டத்தில் கொடி சீக்கிரம் களைத்துவிடும். காய்ப்பு குறைந்தால் தூரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் குச்சி ஊன்றுவதுதான் அங்கே வழக்கம். எங்கள் அப்பா ஒரே வயலில் அதைப் பலமுறை செய்திருக்கிறார். அதனால் 1860 வாக்கில் நட்ட கொடி இன்றும் காய்க்கிறது என்று அக்கா சொன்னபோது, எனக்குப் பார்க்காமல் நம்ப முடியவில்லை.

அது ஜூலை மாதம், அங்கே நடுக் குளிர்காலம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மழை குளிரில்தான் பெய்யும். கோடையில் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் புல்வெளி அப்போது பச்சையாக இருந்தது. சாலையோரம் பெரிய பெரிய சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள். கெயின்டன் என்பது ஊர் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன ஊர். அதன் அருகில், தனியாக ஒரு கல் தேவாலயம். பெயர் க்னாடன்பெர்க். அந்தத் தேவாலயத்துக்கு எதிரே கம்பி வேலிக்குப் பின்னால் விரிகிறது 'ஹில் ஆஃப் கிரேஸ்' தோட்டம். தேவாலயத்தின் ஜெர்மன் பெயரையே ஆங்கிலமாக்கித் தோட்டத்துக்கும் ஒயினுக்கும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்று இங்கிருந்துதான் வருகிறது. உடைமைக்காரர்கள் ஹென்ஷ்கி குடும்பம். இப்போது ஆறாவது தலைமுறை வேலைக்கு வந்துவிட்டது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். இலை ஒன்றுகூட இல்லை. மிகப் பழைய பகுதியை அவர்கள் 'தாத்தாக்கள்' என்றே அழைக்கிறார்கள். அடிமரம் ஒவ்வொன்றும் தேர்வடத்தை முறுக்கி நட்டதுபோல் இருந்தது. பட்டை நார் நாராக உரிந்து தொங்கியது. வேலிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று நடுவில் பிளந்து, உள்ளே கோறையாகி, ஒரு பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. மறுபக்கம் மட்டும் ஒரு கை நீண்டு கம்பியைப் பிடித்திருந்தது. அந்தக் கையிலிருந்த போன வருடத்துக் குச்சிகள் விரல் பருமனில், நல்ல தேன் நிறத்தில், கணுக்கணுவாக மொட்டு உறங்க நின்றன. இந்த வயதிலும் அடுத்த வெள்ளாமைக்கு வேண்டியதைத் தயாராக வைத்திருந்த கொடி அது.

இந்தக் கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மழையை மட்டும் நம்பி, வேரைக் கீழே கீழே இறக்கிப் பிழைத்தவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம்; இரவு குளிர்ந்துவிடும்; பழம் மெதுவாகப் பழுக்கும். கிடைப்பது குறைவு. 2000, 2011 ஆண்டுகளில் பழம் தங்கள் தரத்துக்கு வரவில்லை என்று அந்தப் பெயரில் ஒயினே வெளியிடாமல் விட்டார்கள். ஒரு புட்டி நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும் சரக்கை ஒரு வருடம் முழுக்க வேண்டாம் என்று வைக்க விவசாயிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

இங்கே ஜெர்மன்காரர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம், லுத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தார். அதை ஏற்காத பழைய லுத்தரன்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். ஆகஸ்ட் காவெல் என்ற போதகர் தலைமையில் முதல் கூட்டம் 1838இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கியது. கப்பல் செலவுக்குப் பணம் கொடுத்தவர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற ஆங்கிலேய வணிகர். ஆங்காஸ்டன் ஊர் அவர் பெயரில்தான் இருக்கிறது. யோஹான் கிறிஸ்டியான் ஹென்ஷ்கி 1841இல் வந்தார். 1861இல் கெயின்டனில் நிலம் வாங்கினார். 1868இல் முதல் ஒயினை விற்றார். இவர்கள் யாரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலைகள் பெராமாங் மக்களுடையவை. நிலம் வாங்கியது, விற்றது என்று ஆவணங்கள் பேசும்போது அந்த மக்களிடம் யாரும் விலை பேசவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

தரங்கம்பாடியை அறிந்த வாசகர்களுக்காக ஒரு செய்தி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1836இல் தொடங்கிய லுத்தரன் மிஷன் சங்கம், தன் முதல் ஊழியர்களான டைஷெல்மானையும் ஷூர்மனையும் 1838இல் அடிலெய்டுக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் கவுர்னா மக்களின் மொழியைக் கற்று இலக்கணம் எழுதினார்கள். அதே சங்கம் 1840இல் ஹைன்ரிக் கோர்டஸைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிவைத்தது. அந்தச் சங்கம்தான் பின்னர் லைப்சிக் மிஷன் ஆனது; நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு வேர் அது. க்னாடன்பெர்க் கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மன் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, அந்த மனிதர்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா பாடிய ஞானப்பாட்டுகளின் மெட்டுகள் சில இவர்கள் வாயிலும் இருந்திருக்கும்.

ஹென்ஷ்கி குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைக்காரரான பால் காட்ஹார்ட் அந்தத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குடும்பத்தாரைக் கொண்டே பித்தளை வாத்தியக் குழு ஒன்றும் நடத்தினார். அவர்கள் காலத்தில் ஒயின் என்பது கலப்பு விவசாயத்தில் ஒரு பகுதி. ஆடு, மாடு, தானியம், பழம் எல்லாம் இருந்தன. முதல் உலகப் போர் வந்தபோது ஜெர்மன் பெயர் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு உரியதாயிற்று. 1917இல் சட்டம் போட்டு 69 ஊர்ப் பெயர்களை மாற்றினார்கள், லுத்தரன் பள்ளிகளை மூடினார்கள். இந்தக் குடும்பம் அதையும் தாண்டித் தோட்டத்தில் நின்றது.

பேர் வாங்கிக் கொடுத்தவர் நான்காம் தலைமுறை சிரில். 1950களில் ஆஸ்திரேலியாவில் ஒயின் என்றால் பெரும்பாலும் சாராயம் சேர்த்து வலுவேற்றிய இனிப்பு ஒயின்தான். பல தோட்டத்துப் பழத்தைக் கலந்து செய்வது வாடிக்கை. சிரில் இரண்டையும் விட்டார். உணவோடு அருந்தும் ஒயின், அதுவும் ஒரே தோட்டத்துப் பழம், புட்டியில் அந்தத் தோட்டத்தின் பெயர். அப்படி 1952இல் 'மவுண்ட் எடல்ஸ்டோன்' வந்தது. அந்தத் தோட்டத்தை 1912இல் நட்டவர், கப்பல் செலவு கொடுத்த அதே ஆங்கஸ் வம்சத்தின் ரொனால்ட் ஆங்கஸ். 1958இல் 'ஹில் ஆஃப் கிரேஸ்'. தாத்தாக்கள் கொடிகள் அப்போதே நூறு வயதை எட்டும் நேரம். அவற்றை ஊன்றிய நிக்கலாஸ் ஸ்டானிட்ஸ்கி இதையெல்லாம் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

ஆனாலும் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிபவர் சிரில் அல்ல. அவருடைய மருமகள் ப்ரூ.

1979இல் சிரில் இறந்ததும் மகன் ஸ்டீஃபன் பொறுப்பேற்றார். ஸ்டீஃபனும் ப்ரூவும் ஜெர்மனியின் கைசன்ஹைமில் படித்துவிட்டு வந்தவர்கள். ப்ரூ தாவரவியல் தெரிந்தவர். அவர் வந்து பார்த்தபோது பிரச்சினை ஒயினில் இல்லை, கொடியின் வயதில் இருந்தது. கிழக்கொடி ஒவ்வொன்றாகச் சாகும். செத்த இடத்தில் எதை நடுவது? நர்சரியில் விற்கும் ஒரே ரகக் கன்றை வாங்கி ஊன்றினால் இடம் நிரம்பிவிடும், தோட்டம் வேறொன்றாகிவிடும். நூறு வருடத்துக்கு முன் வந்த குச்சிகளில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அந்தக் கலவைதான் அந்த மண்ணின் ருசி. அதனால் ப்ரூ, கொடி கொடியாகப் பார்த்து அடையாளம் கட்டினார். எது ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காகக் காய்க்கிறது, எதன் குலை நெருக்கம் இல்லாமல் இருக்கிறது, எதற்கு நோய் இல்லை என்று வருடக் கணக்கில் கவனித்து, தேறியவற்றிலிருந்து மட்டும் கவாத்துக் குச்சி எடுத்து நாற்றங்கால் போட்டார். செத்த தாத்தா இருந்த இடத்தில் இன்று நிற்பது இன்னொரு தாத்தாவின் குச்சி. நட்ட கொடி பெரிய ஒயினுக்குப் பழம் கொடுக்கப் பல வருடங்கள் ஆகும். அந்தப் பழத்தின் முழுப் பலனை எடுப்பது பேரப்பிள்ளைகள்.

வரிசைகளுக்கு அடியில் கனமாக வைக்கோல் பரப்பியிருந்தார்கள். ஈரம் நிற்கவும் கோடையில் மண் சூடேறாமல் இருக்கவும் அது. நடு இடைவெளியில் உழவில்லை, களைக்கொல்லியின் கருகலும் இல்லை. அந்த மண்ணுக்கே உரிய புல்லை வளரவிட்டிருக்கிறார்கள். இதுவும் ப்ரூ கொண்டுவந்த முறை. நம் ஊரில் மூடாக்கு என்று இயற்கை விவசாயிகள் தொண்டை வறளச் சொல்கிறார்களே, அதேதான்.

இந்தக் கொடிகள் பிழைத்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பூச்சி. ஃபிலோக்செரா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்ப்பூச்சி, அமெரிக்காவிலிருந்து போய் 1860களில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. இன்று பிரான்சில் நிற்கும் கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேரின் மேல் ஒட்டுக்கட்டியவை. 1877இல் அது ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கும் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இல் சட்டம் போட்டு, வெளியிலிருந்து கொடியோ குச்சியோ வராமல் கதவடைத்தது. இன்றுவரை பூச்சி உள்ளே வரவில்லை. ஆகவே பரோசாவின் கிழக்கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. ஐரோப்பா இழந்ததை, ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மற்றொன்று, அரசாங்கமே கொண்டுவந்த ஆபத்து. 1980களில் திராட்சை மிதமிஞ்சி விளைந்தது, சிவப்பு ஒயினுக்கு மவுசு இல்லை. கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று அறிவித்தார்கள். பரோசாவில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ரகத்தின் எத்தனையோ பழைய தோட்டங்கள் அப்படித்தான் போயின. கடனில் இருந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. பிடுங்காமல் விட்டவர்கள் பிறகு 2009இல் ஒரு சாசனம் வகுத்துக்கொண்டார்கள்: 35 வயதானால் முதிய கொடி, 70 தாண்டினால் பிழைத்த கொடி, 100 என்றால் நூற்றாண்டுக் கொடி, 125க்கு மேல் முன்னோர் கொடி. வயதுக்கு ஒரு மரியாதை கொடுத்துவிட்டால் பிடுங்கக் கை வராது என்ற எண்ணம் நல்ல எண்ணம்.

ஹென்ஷ்கி ஆலையில் சுவைபார்க்க உட்கார்ந்தோம். பழைய கல் கட்டடம். உள்ளே வாய் திறந்த சிமெண்டுத் தொட்டிகளில்தான் இன்றும் சிவப்பு ஒயின் நொதிக்கிறது. எனக்கு ஊற்றிய மவுண்ட் எடல்ஸ்டோனில் முதலில் வந்தது மிளகு மணம், பிறகு பிரிஞ்சி இலை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். "அம்மா கறிக்குழம்புக்குத் தாளிக்கிற வாசம்டா" என்றாள். அடுத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். அதன் பெயர் 'ஜூலியஸ்', குடும்பத்தில் சிற்பியாக இருந்த ஒருவரின் நினைவாக. எலுமிச்சைப் பூ மணத்தோடு நறுக்கென்று இருந்தது. இரண்டில் எனக்குப் பிடித்தது அதுதான்.

திரும்பும் வழியில் அக்காவும் நானும் ஊர் நிலத்தைப் பற்றித்தான் பேசினோம். தாத்தாவின் நான்கு ஏக்கர் பாகம் பிரிந்து பிரிந்து இன்று எந்தத் துண்டிலும் ஒரு கொடி பத்து வருடம் நிற்க இடமில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்றிவிட்டோம். நல்ல தாய்க்கொடி எது, யார் தோட்டத்தில் நிற்கிறது என்று ஊர் ஊராகப் போய் அடையாளம் கட்டி நாற்றங்கால் போடும் வேலையையும் யாராவது தொடங்கவேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். கொடியைத் தெரிந்த ஒரு ஆள் போதும், தொடர்ந்து பத்து வருடம் பார்க்கிற ஆளாக.

அடிலெய்டுப் பக்கம் போகும் வாசகர்கள் கெயின்டன் வரை போய் வாருங்கள்; ஆலைக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மெல்போர்னுக்கு அருகிலுள்ள யாரா பள்ளத்தாக்கில் 2006இல் அந்த வேர்ப்பூச்சி நுழைந்துவிட்டது. வேறு மாநிலத் தோட்டத்தில் நடந்த செருப்போடு பரோசாவின் கொடி வரிசைக்குள் கால் வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண் போதும், 160 வருடக் கொடிக்கு முடிவு கட்ட. சாலையில் நின்றாலே தாத்தாக்கள் நன்றாகத் தெரிவார்கள்.