அம்மா எடுத்த அட்டை



டிசம்பர் 31-ஆம் நாள் இரவு தமிழ்க் கிறிஸ்துவர் வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் அது அடைமழைக் காலம். ஆனாலும் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வேன் பிடித்து, மெர்சிங் சாலை வழியாகக் குளுவாங் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். அதில் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். அட்டையில் உள்ள வேதவசனமே அந்த ஆண்டுக்கு நமக்குக் கிடைத்த வாக்குத்தத்தம். மற்றச் சமயத்து வாசகர்களுக்காக இதை விளக்குகிறேன், நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான்.

வாக்குத்தத்தம் என்றால் கொடுக்கப்பட்ட வாக்கு. ஆனால் நம்மில் பலர் அதை நாலு நம்பர் சீட்டு மாதிரிதான் பார்க்கிறோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் வந்தது பிடிக்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் இன்னொன்றை எடுத்தவர்களை நான் அறிவேன். நானே எடுத்திருக்கிறேன்.

2009 பிறந்த இரவு என் தாயார் எடுத்த அட்டையில் நீடித்த ஆயுளைப் பற்றிய வசனம் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் பால்மரக்காட்டுக்குப் போனவர். நான்தான் வாசித்துச் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே, "நீண்ட ஆயுசுன்னா எத்தனை வருசம், வாத்தியாரே? உங்க கணக்குல சொல்லுங்க" என்றார். நான் "தொண்ணூறு" என்றேன். அப்போதே அவர் வயிற்றில் கட்டி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆகஸ்டில் அடக்கம் செய்தோம். அம்மாவுக்கு வயது 56.

அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன். தோட்டத்து ஆசிரியர் போகாவிட்டால் நாலு பேர் கேட்பார்களே! வாய் பாடியது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆண்டுக் கடைசி வந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கிளம்பு. வேன் வந்துடும்."

"போன வருசம் கொடுத்த வாக்கே நடக்கலை. இன்னொரு அட்டை எதுக்குப்பா?"

அப்பா முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும், "ஆபிரகாம் கதையை ஞாயிறு பள்ளியில சொல்லிக்கொடுக்கிறியே, அவரு சாராளைப் புதைச்ச இடத்தை நிதானமாப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

வேனில் போகும்போதே படித்தேன். ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம். வாத்தியார் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தது. தேசத்தைத் தருவேன் என்ற வாக்கை நம்பி ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75. சாராள் இறந்தபோது வயது 127. ஆபிரகாம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆக 62 ஆண்டுகள் ஓடிவிட்டன. வாக்களிக்கப்பட்ட அந்தத் தேசத்தில் ஓர் அடி நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை. மனைவியைப் புதைக்க அந்நியரிடம் போய்க் குனிந்து நின்று, 400 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கினார். முதன்முதலாகக் கைக்கு வந்த சொந்த நிலம் ஒரு கல்லறை!

தோட்டத்து மக்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டை அழித்து மரம் நட்டுவிட்டு, வேலை ஓய்ந்த மறுமாதம் குடியிருந்த வீட்டைக் காலி செய்து கொடுத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆபிரகாம் கூடாரத்தில் வாழ்ந்தார் என்று படிக்கும்போது நமக்கு லயத்து வீடு ஞாபகம் வராமலா போகும்? எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, இவர்கள் வாக்களிக்கப்பட்டதை அடையாமலே இறந்தார்கள், தூரத்தில் பார்த்து மகிழ்ந்தார்கள் என்று சொல்கிறது. பலமுறை பிரசங்கத்தில் கேட்ட பகுதிதான். அடையாமலே என்ற சொல் அதுவரை என் காதில் விழுந்ததில்லை.

இப்படிச் சொல்வதால் அட்டை வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஆனால் சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனின் தாயார் வந்து, "சுகம் தருவேன்னு வசனம் வந்திருக்கு சார், இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டபோது எனக்குப் பகீரென்றது. "மாத்திரையையும் போடுங்கள், ஜெபமும் செய்யுங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் தயவுசெய்து அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

அட்டைகளில் அச்சாகாத பகுதிகளும் வேதத்தில் நிறைய உண்டு. 88-ஆம் சங்கீதம் முதலிலிருந்து கடைசிவரை முறையீடுதான். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிந்துவிடும். அதுவும் ஆராதனையில் பாடுவதற்கென்று எழுதப்பட்டதே. கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, கோபத்தோடே ஆலயத்துக்குப் போய் உட்காரலாம் என்பதை நான் அந்தச் சங்கீதத்தில்தான் கற்றேன்.

அந்த இரவு ஆராதனையில் அப்பாவால் பாட முடியவில்லை. இரண்டாவது பாட்டிலேயே தொண்டை அடைத்துவிட்டது. முன் வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, அவருக்கும் சேர்த்துப் பாடுவதுபோலக் குரலை உயர்த்தினாள். அவளும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் எப்போது குரல் வந்தது என்று தெரியவில்லை.

தட்டு வந்தது. அப்பா கையை நீட்டி ஒரு அட்டையை எடுத்தார். வாசித்துச் சொல்ல நான் கை நீட்டினேன். "இருக்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவர் வேதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பழைய அட்டையை ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தில் வைத்திருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.