அரை வாளி

எழுபத்தெட்டு வயதான ஆச்சி கிணற்றில் நிறைவாளி அள்ளுவதை விடுத்து அரைவாளி அள்ளத் தொடங்கியதை வீட்டார் எவரும் பொருட்படுத்தவில்லை. சட்டை தோளிலே தொளதொளத்தது. வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகும் வழியில், மதகிலே அமர்ந்து இளைப்பாறும் வழக்கமும் ஏற்பட்டது. "வயது போனால் அப்படித்தான்" என்றனர்.

மாரிகாலத்தில் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் வீடு அஞ்சிற்று. மகள் வாளிக் கயிற்றை வாங்கினாள், மருமகள் விளக்குமாற்றை வாங்கினாள், திருவலையும் கைமாறியது. "நீங்கள் சும்மா இருங்கோ ஆச்சி" என்பதே அன்பின் மொழியாயிற்று. மூன்று மாதம் கழிந்தபோது, கதிரையிலிருந்து எழுவதற்கே பிறர் கை வேண்டியிருந்தது.

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. 2001ஆம் ஆண்டில் லிண்டா ஃபிரீட் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் தளர்ச்சிக்கு ஐந்து குறிகளை வகுத்தனர்: முயலாமலே உடல் மெலிதல், கைப்பிடி வலுவிழத்தல், ஓயாத களைப்பு, நடை மந்தமாதல், உடலுழைப்புக் குறைதல். இவற்றுள் மூன்று காணப்படின் அது தளர்ச்சி; ஒன்றோ இரண்டோ எனின் அதன் முன்னிலை. தொளதொளத்த சட்டையும் அரைவாளியும் மதகும் பல மாதங்களாகச் சொல்லிநின்றவை இவையே. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆச்சியைப் பரிசோதித்த வைத்தியர், அவர் உட்கொண்ட மாத்திரைகளையும் கண் பார்வையையும் முதலில் ஆராய்ந்தார். பின்னர், கையூன்றாது கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டும்படியும், வேளைதோறும் மீன், முட்டை, பயறு ஆகியவற்றில் ஒன்றேனும் உண்ணும்படியும் கூறினார். தசையானது உழைப்பும் புரதமும் இன்றித் தேறாது. ஓய்வோ அதனை மேலும் கரைத்துவிடும். வீட்டார் அன்பென எண்ணி அளித்தது அந்த ஓய்வையே. இதனை உணர்ந்த மகள் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை.

தளர்ச்சி, தொடக்கத்திலே கண்டறியப்படின், பெரும்பாலும் தணிக்கத்தக்கது. முற்றாக நீங்கும் என்று எவரும் வாக்களிக்கவியலாது. ஆச்சியும் பழைய ஆச்சியாகிவிடவில்லை. ஆயினும் ஆறு மாதத்தின் பின், பாசி சுரண்டிய கிணற்றடியில் மீண்டும் நின்றார். பேரன் கயிற்றைப் பற்ற வந்தான்.

"விடு பிள்ளை, நான் இழுக்கிறன்" என்றார்.

வாளி அரைவாசிதான் நிறைந்திருந்தது. பேரன் பக்கத்தில் நின்றான். கயிற்றை மட்டும் தொடவில்லை. முதியோரைப் பேணுதல் என்பது அவர்தம் கைகளை வெறுமையாக்குவதன்று. அக்கைகளுக்கு இயன்ற பாரத்தை அளந்து கொடுத்து, அருகில் நிற்பதேயாகும்.