நெற்றியில் ஒரு பொட்டு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது திருவிடந்தை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம். காலவ மகரிஷியின் புதல்வியர் 360 பேரையும் நாளுக்கு ஒருவராக வராகப் பெருமான் மணந்தருளினார் என்கிறது தலபுராணம். அதனாலேயே நித்திய கல்யாணப் பெருமாள் என்னும் திருநாமம். உற்சவரின் திருமுகத்தில் இயல்பாகவே அமைந்த திருஷ்டிப் பொட்டு ஒன்று உண்டு. அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டும்போது, அடியார்களின் கண்கள் அந்தப் பொட்டையே தேடும்.

செங்கல்பட்டைச் சேர்ந்த ஒரு பாட்டி, தம் ஏழு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அந்தச் சந்நிதியில் நின்றார். பொட்டைக் கண்ட குழந்தை, நெற்றியைச் சொறிந்தபடியே, "பெருமாளுக்கு அரிக்காதா பாட்டி?" என்று கேட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டியால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு மாதங்களாக அவர் ஒன்றை மறைத்து வந்தார். பேத்தியின் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில், முதலில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. "கொஞ்ச நாள் பொட்டு வேண்டாம், அத்தை" என்றாள் மருமகள். "பெண் குழந்தையின் நெற்றி பாழாக இருக்கலாகாது" என்று பாட்டி மறுத்துவிட்டார். பிறகு, அரிப்பு இருந்த இடத்தில் தோல் வெளுக்கத் தொடங்கியது. அதைக் கண்ட நாள் முதல், பாட்டி இன்னும் பெரிய பொட்டாக வாங்கி, வெளுப்பு தெரியாதபடி ஒட்டி அனுப்பினார்.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் நிலையத்தை மத்திய அரசு ஏற்று, 1955-ல் தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோலில் ஒரு வெளிர்ந்த திட்டு என்றால் என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் ஒதுக்கிய மனிதர்களைச் சிறு வயதில் கண்டவர் அவர். தொழுநோயைக் குணமாக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்துவிட்டது என்பதை அவர் அறிவார். ஆயினும், அறிவு ஒப்புக்கொண்டதை நெஞ்சு ஒப்புக்கொள்ளவில்லை.

சந்நிதியில் குழந்தை கேட்ட கேள்வி அந்த மௌனத்தை உடைத்தது. அன்று இரவே மருமகளை அழைத்து, நெற்றிப் பொட்டை எடுத்துக் காட்டினார்.

தோல் மருத்துவரான அம்மையார், முதலில் ஒரு பஞ்சுத் திரியால் வெளுத்த இடத்தைத் தொட்டார். கண்களை மூடியிருந்த குழந்தை, தொட்ட போதெல்லாம் "ம்" என்று சரியாகச் சொல்லி, கூச்சத்தில் நெளிந்தது. "பாட்டி, தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், அரிப்பும் பொதுவாக இருக்காது. இங்கே உணர்ச்சி முழுமையாக இருக்கிறது, அரிப்பும் இருக்கிறது. இது அதுவல்ல" என்றார். பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் எது?" என்பதற்கு விடை தேடத்தான் பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை. யோசஃப் யாடசோன் என்னும் ஜெர்மானிய தோல் மருத்துவர் 1895-ல் இம்முறையை எடுத்துரைத்தார். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதும் இல்லை. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து, முதுகின் மேற்பகுதியில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து அகற்றிப் பார்ப்பார்கள். மீண்டும் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். தொடு ஒவ்வாமை தாமதமாக வெளிப்படுவது. ஆதலால் காத்திருப்பதே இச்சோதனையின் உயிர். குழந்தைகளின் முதுகு சிறியது என்பதால், ஐயத்துக்குரிய பொருள்களை மட்டும் தேர்ந்து வைப்பதுண்டு.

"நெற்றியிலும் காதிலும் படுகிற எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றார் மருத்துவர். பாட்டி பூஜை அறையிலிருந்து எடுத்து வந்தார்: மஞ்சளும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமம், கடையில் வாங்கிய பாக்கெட் குங்குமம், சந்தனம், விபூதி, ஸ்டிக்கர் பொட்டு அட்டை. கூடவே ஒரு ஜோடி ஃபேன்சி தோடு. திருப்போரூர் முருகன் சந்நிதியில் தங்கத் தோடிட்டுக் காது குத்திய குழந்தைக்கு, பின்னாளில் மாமல்லபுரக் கடைத்தெருவில் ஆசையாக வாங்கித் தந்தது அது. அதை அணிந்தது முதல் காது மடலில் அவ்வப்போது நீர் கசிந்து வந்தது.

திங்கட்கிழமை ஒட்டினார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்க விளையாடக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் பாட்டியே நிறுத்தி வைத்தார். ஐம்பது ஆண்டுகளில் அவர் தவறவிடாத வழக்கம் அது.

புதன்கிழமை பார்த்தபோது மூன்று இடங்களில் சிவப்பு இருந்தது: ஸ்டிக்கர் பசை, நிக்கல், பாக்கெட் குங்குமம். வெள்ளிக்கிழமை குங்குமத்தின் சிவப்பு மறைந்திருந்தது. அது வெறும் எரிச்சல். மற்ற இரண்டும் தடித்துச் சிறு கொப்புளங்களாக எழுந்திருந்தன, அவைதாம் ஒவ்வாமை. இரண்டாம் முறை பாராமல் முடிவு சொல்லியிருந்தால் குங்குமத்தின் மீதும் பழி விழுந்திருக்கும். வீட்டுக் குங்குமமும் சந்தனமும் விபூதியும் இருந்த இடங்கள் தெளிவாக இருந்தன.

மருத்துவர் விளக்கினார். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் இருக்கக்கூடும். அது அரிப்பைத் தருவதோடு, தோலுக்கு நிறம் தரும் அணுக்களையும் அழிக்க வல்லது. வெளுப்புக்கு அதுவே காரணம். பிறகு தோட்டின் மீது ஒரு மருந்துத் துளியிட்டுப் பஞ்சால் தேய்த்தார், பஞ்சு இளஞ்சிவப்பானது. அது நிக்கல் கசிவதன் அடையாளம். குழந்தையின் பழைய தங்கத் தோட்டில் தேய்த்த பஞ்சு வெண்மையாகவே இருந்தது. நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"பொட்டே வைக்கக் கூடாதா டாக்டரம்மா?" என்று பாட்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"புண் ஆறட்டும். அதன் பிறகு உங்கள் வீட்டுக் குங்குமத்தைச் சிறிதாக வையுங்கள். விட வேண்டியது பசையை, பொட்டை அல்ல" என்றார் அவர்.

வீடு திரும்பியதும் பாட்டி மருமகளிடம், "நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும், அம்மாடி" என்றார். மருமகள் பதில் சொல்லாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

பேரக் குழந்தைகளுக்குப் பொட்டிடுவதும், காது குத்து விழாவுக்கு நாள் பார்ப்பதும் பெரியவர்களின் கைகளில்தான் இருக்கின்றன. காது குத்தும்போது நல்ல தங்கத் தோடு போடுவதும், அரிக்கிறது என்று குழந்தை சொன்னால் செவி சாய்ப்பதும் அந்தக் கைகளுக்குரிய கடமைகளே. சந்தேகப்பட்ட பொருளை வீட்டிலேயே தோலில் ஒட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம், புண்ணாகிவிடும். அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

நெற்றியின் வெளுப்பு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஓரத்தில் கடுகளவு மட்டும் எஞ்சி நின்றது. சில மாதங்கள் கழித்து மீண்டும் திருவிடந்தைக்குப் போனார்கள். அர்ச்சகர் தீபம் காட்டினார். குழந்தை பாட்டியின் காதருகே வந்து, "பெருமாளுக்கு அரிக்காது பாட்டி. அவருடையது ஒட்டின பொட்டு இல்லையே" என்று மெதுவாகச் சொன்னது.

இம்முறை பாட்டியும் சிரித்தார்.