களியோடையின் நலம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வீதியிற் செல்வோர் நிந்தவூரைத் தாண்டியதும் களியோடைப் பாலத்தைக் கடப்பர். கல்லோயாவின் நீரில் ஒரு பங்கு, வயல்களிற் பாய்ந்து வடிந்து, இவ்வழியே கடலைச் சேர்கின்றது.

நீர் தெளிந்திருப்பது கொண்டு மட்டும் ஓடை நலமாயுள்ளதெனக் கூறல் இயலாது. வயலிலிட்ட உரமும் பூச்சிநாசினியும் நீரிற் கரைந்தால் எவர் கண்ணுக்குத் தெரியும்? கரைப்புல்லின் வேரடியிற் சிறு வலையை ஓட்டி, அகப்பட்டதை வெள்ளைத் தட்டிற் கொட்டிப் பாருங்கள். தும்பியின் இளம்புழு, நத்தை, சிற்றிறால், நீர்வண்டு எனப் பலவும் நெளிந்தால் மகிழலாம். செந்நிறப் புழுக்கள் மட்டுமே திரளாகக் கிடைப்பின் கவலைக்கிடமே. ஒட்சிசன் அருகிய சேற்றிலும் அவற்றின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் அவற்றை வாழவைக்கின்றது. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அவ்வசதி இல்லை.

முகத்துவாரத்தை அண்டிச் சோதித்தல் ஆகாது. உவர்நீர் கலக்குமிடத்தில் நன்னீர்ப் பூச்சிகள் குறைவது இயல்பு. மாரி வெள்ளத்தின் பின்னும் சில வாரம் பொறுத்தல் வேண்டும்.

சாய்ந்தமருதுத் தோணாவில் ஆற்றுவாழையும் குப்பையும் மண்டிக் கிடந்ததைக் கண்டோர், களியோடைக்கும் அந்நிலை வருமுன் இதனைச் செய்வர். மாணவர்கள் பாலத்துக்கு மேற்கே ஓரிடத்தைத் தெரிந்து, ஆசிரியர் துணையுடன், போகத்துக்கு ஒருமுறை எண்ணிக் கொப்பியிற் குறித்துவரலாம். செலவு, ஒரு வலையும் ஒரு தட்டுமே.