நான்கு மில்லிமீற்றர்

எங்கள் காரின் முன்டயர்கள் இரண்டும் உட்புறமாகவே தேய்ந்திருந்தன. "சில்லு ரெண்டும் முன்னால விரிஞ்சு நிக்குது மகள்" என்றார் வாப்பா. உம்மா எங்களைத் தினமும் கல்லூரிக்கு ஏற்றிவரும் கார் அது. தேய்ந்த டயர் மழையில் வழுக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்தோம். இரு டயர்களின் முன்பக்கத்திலும் சில்லின் மைய உயரத்தில் சோக்கால் குறியிட்டு இடைவெளியை அளந்தோம். அளவுநாடாவின் மறுமுனை என் கையில். காரை அரைச்சுற்று உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மீண்டும் அளந்தோம். முன்பக்கம் 4 மில்லிமீற்றர் கூடுதல்! கையேட்டின்படி அது பின்பக்கத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும்.

வாப்பா டை ரொட்டின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, இருபுறமும் சமமாகத் திருப்பினார். ஒருபுறம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணி நிற்குமாம். ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் காரை உருட்டி அளந்தோம். நட்டுகளை இறுக்கி முடிக்கையில் அஸர் பாங்கு கேட்டது. சில்லின் சாய்வை மட்டும் கராஜ் இயந்திரத்தில் பார்க்க வேண்டும் என்றார்.

நான்கு மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஓடிய தூரமெல்லாம் அது டயரைத் தின்றிருக்கிறது. சிறு கோணலை அன்றே அளந்து திருத்துவது எவ்வளவு மலிவு!