கூடையில் வந்த குட்டி

"பூனை வளர்ப்பது ஒரு பெரிய விஷயமா? கிண்ணத்தில் பாலை ஊற்றினால் காலைச் சுற்றிக் கிடக்கும்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு சின்ன உயிரையே குடிக்கப் பார்த்தது.

சென்ற ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் அடித்துக் கொண்டிருந்தது. அங்கே என் நாத்தனார் வீட்டு விறகுக் கொட்டகையில் பூனை குட்டி போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மஞ்சளும் வெள்ளையுமான ஒன்றைக் கேட்டு என் இளைய மகள் பிடிவாதம் பிடித்தாள். வயர் கூடையில் பழைய துண்டை விரித்து, டவுன் பஸ்ஸில் தென்காசிக்குக் கொண்டு வந்தோம்.

வந்ததும் கூடத்தில் திறந்து விட்டோம். தெருப் பிள்ளைகளெல்லாம் கூடி விட்டார்கள். குட்டி ஒரே ஓட்டமாக ஓடி கிரைண்டருக்குப் பின்னால் புகுந்து கொண்டது. பசிக்குமே என்று வேளைக்கு ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தேன். மறுநாளே வயிற்றோட்டம். மூன்றாம் நாள் தலையைத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்தது. மகள் அழுத அழுகை!

கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் சலைன் ஏற்றி விட்டு, "பால் கொடுத்தீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காதாம். எங்களுடையது சைவ வீடு. "பருப்புச் சோறு போடலாமா?" என்று கேட்டேன். "அது மாமிசம் தின்கிற பிராணிம்மா. டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் நாளடைவில் கண்ணும் இருதயமும் கெட்டுப் போகும்" என்றார். குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனப் பொட்டலத்தை வாங்கிக் கொண்டு, பயந்து கொண்டே வீடு வந்தேன்.

மாமியார் பொட்டலத்தைப் பார்த்தார். "அடுக்களைக்குள்ள மட்டும் கொண்டு வராதே" என்றவர், சற்றுப் பொறுத்து, "ஏளா, நீ வாக்கப்பட்டு வந்த புதுசுல பத்து நாளு பின்கட்டு ரூமை விட்டு வெளிய வந்தியா? அதுக்கும் அந்த ரூமைக் குடு. பிள்ளைகளைக் கிட்ட விடாதே" என்றார். டாக்டர் சொன்னதும் அதையேதான்!

அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்து, கூடையில் வந்த அதே துண்டை உள்ளே போட்டோம். தாயின் வாசனை அதில் இருக்குமல்லவா? ஒரு மூலையில் தீவனமும் தண்ணீரும். எதிர் மூலையில் தட்டு நிறைய மணல். இரண்டும் அருகருகே இருந்தால் பூனைக்குப் பிடிக்காது. நான் தினமும் அங்கே போய் உட்கார்ந்து பூத்தொடுப்பேன். குட்டியைக் கூப்பிடவும் மாட்டேன், தொடவும் மாட்டேன். ஐந்தாம் நாள் தானாகவே வந்து வாழைநாரைப் பிடித்து இழுத்தது. விழுங்கி விடாமல் நாரை எடுத்து வைத்தேன். சந்தோஷத்தில் கை நடுங்கியது.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். கர்ப்பிணிகள் மணல் தட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. பூனையின் மலத்திலுள்ள ஒரு கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம் போடுங்கள். பிள்ளைகளைக் கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். வெங்காயம், பூண்டும் ஆகாது.

இப்போது குட்டி திண்ணையில் மாமியாரின் புடவைத் தலைப்பில்தான் தூங்குகிறது. "பூனைக்கு வச்சியா?" என்று கேட்ட பிறகுதான் அவர் சாப்பிடவே உட்காருகிறார்.